குடியை நிறுத்த நினைப்பவர் தனக்கான கூட்டத்தைத் தேடுவது எப்படி?

கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நான் ஒரு குடிநோயாளி. பல வருடங்களாகக் குடிக்காமல் இருக்கிறேன். பெயர் போடவில்லை. குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அமைப்பின் உறுப்பினர்கள் பொதுவெளியில் தங்களை வெளிக்காட்டிக்கொள்வதில்லை என்பது எங்கள் மரபு.

குழுவின் கைப்பேசி என் முறைக்கு வரும் மாதங்களில், கட்டிய காயிலுக்கு வார்னிஷ் விட்டுக் காயவைத்துவிட்டு, கடை வாசலில் உட்கார்ந்து அழைப்புகளை எடுப்பேன். பெரும்பாலும் குடிப்பவரின் மனைவியோ அக்காவோ அம்மாவோதான் பேசுவார்கள். குடிப்பவரே அழைத்தால் அது காலை நேரமாக இருக்கும். யார் அழைத்தாலும் சுற்றிவந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: "பக்கத்துல நல்ல மீட்டிங் எதுங்ணா?"

எல்லோருக்கும் நல்லதென்று ஒரு மீட்டிங்கை என்னால் காட்ட முடியாது. உங்களுக்கு ஒத்துவருவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்ல முடியும். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன் உடம்பு

தினமும் நிறையக் குடிப்பவர், அதிலும் காலையில் கை நடுக்கம் நிற்பதற்காக ஊற்றிக்கொள்பவர், "இன்னையோட நிறுத்திட்டேன்" என்று வீட்டில் தனியாகப் படுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் வரும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆள் எதிரில் நிற்பார், சுவரில் பூச்சி ஊரும், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

அதனால் முதலில் டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கேட்கலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும், தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் கொடுப்பார்கள். அந்த மாத்திரையை நாள்போக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். மருந்துக்கடையில் சொல்லி வாங்குகிற காரியம் இல்லை இது. வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் 108.

மருத்துவமனையில் இருக்கும்போதே மீட்டிங் தேட ஆரம்பிக்கலாம். சொல்லப்போனால் அதுதான் சரியான நேரம். வீட்டுக்கு வந்த பிறகு தேடலாம் என்று இருப்பவரை முதல் சாயங்காலமே பழைய சிநேகிதர்கள் வந்து கூப்பிடுவார்கள்.

எங்கே விசாரிப்பது

கைப்பேசியில் "குடி நிறுத்த" என்று தேடினால் முதலில் வருவது விளம்பரம். மறுவாழ்வு மையம் வேறு, நாம் தேடுகிற கூட்டம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மீட்டிங்குக்குக் கட்டணம் கிடையாது, பதிவும் கிடையாது. ஆதார் கேட்க மாட்டார்கள். எதிர்முனையில் பேசுகிறவர் மாதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ஆரம்பித்தாலோ, "நாங்களே வண்டியில வந்து தூக்கிட்டுப் போயிருவோம்" என்றாலோ நீங்கள் அழைத்தது ஒரு மையத்தை. மையமே கூடாது என்று சொல்லமாட்டேன், சிலருக்கு அது தேவைப்படும். ஆனால் 2017 மனநல மருத்துவச் சட்டத்தின்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் தினமும் வருவாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வாசலை மிதிக்க வேண்டாம். கட்டிவைத்து அடித்த கதைகளை எங்கள் கூட்டங்களில் வந்து சொன்னவர்கள் உண்டு.

மீட்டிங்குக்கு நம்பகமான வழிகள் இவை. ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். பெரிய நகரங்களில் குழுக்களை ஒருங்கிணைக்கும் அலுவலகங்களும் இருக்கின்றன, அவர்களிடம் ஊர்வாரியாக விவரம் கிடைக்கும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாடு சுகாதாரத் துறையின் 104-ம் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு பக்கம் டி.டி.கே. மருத்துவமனை தெரிந்திருக்கும். சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பு அது. குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்து சிகிச்சை தருவதைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர். அந்த மாதிரி இடங்களில் உள்ள ஆலோசகர்களுக்கு எந்தப் பேட்டையில் எந்தக் கிழமை கூட்டம் என்பது அத்துபடி.

இணையத்தில் கிடைக்கும் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் கூட்டங்கள் இரவல் அறைகளில் நடப்பவை. பள்ளிக்கூட வகுப்பறை என்றால் பரீட்சைக் காலத்தில் இடம் மாறும். சர்ச் ஹால் என்றால் திருவிழா நாளில் நேரம் மாறும். மனதைத் தேற்றிக்கொண்டு முதல்முறை கிளம்பி வந்த ஒருவர், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அவர் போகிற இடம் எதுவென்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையிலேயே ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தப் பக்கம் எடுக்கிறவரும் ஒரு நாள் இதே மாதிரி நடுங்கிக்கொண்டு அழைத்தவர்தான்.

எத்தனை மணிக்கு, எந்தெந்தக் கிழமை என்பது முதல் கேள்வி. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பது அடுத்தது. மூடிய கூட்டத்தில் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும் உட்காருவார்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி வரலாம், அண்ணன் வரலாம், விஷயத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும் யாரும் வரலாம். துணைக்கு ஆள் இல்லாமல் படியேற முடியாது என்கிறவர் திறந்த கூட்டத்தில் ஆரம்பிக்கட்டும்.

எந்த மொழியில் பேசுவார்கள் என்று கேளுங்கள். நகரங்களில் ஆங்கிலக் கூட்டங்களும் உண்டு. கூச்சத்தையும் அவமானத்தையும் வீட்டில் பேசுகிற மொழியில் சொன்னால்தான் வெளியே வரும். ஐ.டி. கம்பெனியில் நாளெல்லாம் ஆங்கிலம் பேசுகிற பையன்கள்கூட, அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது தமிழுக்கு வந்துவிடுகிறார்கள்.

சாதாரணமாக எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்கலாம். ஏழெட்டுப் பேர் கூடும் அறையில் உங்களை உடனே கவனிப்பார்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்குப் பயம். முப்பது பேர் கூடும் இடத்தில் கடைசி நாற்காலியில் ஒதுங்கிக்கொள்ளலாம். உங்கள் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: "பஸ் ஸ்டாப்புல யாராச்சும் வந்து நிக்க முடியுங்களா?" இதற்கு "வந்துடறேன் தம்பி, என்ன கலர் சட்டை போட்டுட்டு வர்றீங்க?" என்று உடனே பதில் வந்தால் அந்தக் குழு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நான் புதியவர்களை சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் நின்று கூட்டி வந்திருக்கிறேன். டீக்கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, குடிப்பதற்குள் பேச்சு வந்துவிடும். அறைக்குள் நுழையும்போது அவர் தனி ஆளாக நுழைய மாட்டார்.

நேரம்தான் முதல்

என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் வலியுறுத்துவது இதைத்தான்: நீங்கள் குடிக்கிற நேரத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பேச்சாளர் யார், ஹாலில் ஃபேன் இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறார்கள். பட்டறை விடுவது ஆறு, ஆறரை. வேலை முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் கடை இருக்கிறது. அந்த ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் ஒருவனை முடிவு செய்கிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கோ ஏழு மணிக்கோ ஆரம்பிக்கும் கூட்டம் எட்டு, எட்டரைக்கு முடியும். பிறகு வெளியே நின்று பேசி, டீ குடித்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சாப்பாடு, தூக்கம். கடை அடைக்கும் நேரம் தானாகக் கடந்துவிடும். ஞாயிறு காலைக் கூட்டம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், புதன்கிழமை சாயங்காலம் அதனால் உங்களைப் பிடித்து நிறுத்த முடியாது.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமைதான் கண்டம். கோவைப் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வாரச் சம்பளம் கையில் வருவது அன்றைக்கு. கவர் சட்டைப் பையில் இருக்கும், கூட வேலை செய்கிறவர்கள் காத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் முடியும் என்று ஒருவர் சொன்னால், சனிக்கிழமை சாயங்காலம் நடப்பதைப் பிடியுங்கள் என்பேன். முடிந்தால் சம்பளத்தை வாங்கிக்கொள்ள அன்று வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும். மாதச் சம்பளக்காரர் தன் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் வேலைக்காரருக்கும் இரவு வண்டி ஓட்டுகிறவருக்கும் கணக்கு வேறு. அவர்கள் குடிக்கும் நேரம் பகலாக இருக்கும்; அவர்களுக்குப் பகல் கூட்டமோ இணையக் கூட்டமோதான் உதவும்.

தூரமும் இதோடு சேர்ந்தது. அன்னூரிலிருந்து வருகிறவருக்குத் திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் கூட்டத்தை முடிவு செய்யக் கூடாது. பஸ்ஸை நினைத்துக்கொண்டே உட்கார்ந்தால் காதில் எதுவும் ஏறாது. உள்ளூரில் கூட்டம் இருந்தும், "தெரிஞ்சவங்க பார்த்துருவாங்க" என்று அடுத்த ஊருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படிப் போனால் தவறே இல்லை. போவதுதான் முக்கியம். ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள்: நீங்கள் குடித்துவிட்டு நடந்துபோனதைப் பார்த்த அதே தெருதான் அது.

வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். வேலை முடிந்து வரும் பசி, குடி ஆசையைத் தூண்டும். இரண்டு வாழைப்பழமோ ஒரு பன்னோ போதும்.

உள்ளே நடப்பது

நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ இருக்கும். ஒரு நிமிட மௌனம். ஏ.ஏ. என்றால் என்ன என்பதைப் படிப்பார்கள், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழிமுறையான 12 படிகளைப் படிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள், மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை, பதில் சொல்வதில்லை, அறிவுரை இல்லை. உங்கள் முறை வந்தால் பேரை மட்டும் சொல்லிவிட்டு "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்றால் போதும். ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் பத்து இருபது போடுவார்கள். புதியவர் போட வேண்டியதில்லை. வெளியாட்களிடம் ஏ.ஏ. நன்கொடை வாங்குவதில்லை. முடிவில் பிரார்த்தனை: மாற்ற முடியாததை ஏற்க அமைதி, மாற்றக்கூடியதை மாற்றத் தைரியம், இரண்டையும் பிரித்துப் பார்க்க அறிவு. ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அன்று குடித்திருந்தால் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். உட்கார்ந்து கேளுங்கள், பேச வேண்டாம். சேர தேவையான ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஏற்கெனவே நிறுத்தியிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

ஒத்துவருகிறதா என்று பார்ப்பது

ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு "எனக்குச் சரிப்படல" என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. முடிந்தால் வெவ்வேறு இடங்களில் சில கூட்டங்களில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே குழுவிலும் இரண்டு மூன்று தடவை போனால்தான் அதன் போக்கு தெரியும். நான் எதையெல்லாம் பார்ப்பேன் என்று சொல்கிறேன்.

பேசுகிறவர்கள் தங்களைப் பற்றிப் பேசுகிறார்களா, அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறார்களா? குடித்த காலத்துச் சாகசங்களை மட்டும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தால், நேற்றுக் குடித்தவனுக்கு அது ஆசையைக் கிளப்பிவிடும். நிறுத்திய பிறகு சம்பளத்தை எப்படி வைத்துக்கொண்டார், கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தவர்களிடம் என்ன சொன்னார், மகன் முகம் பார்த்துப் பேச எவ்வளவு காலம் ஆனது, இதெல்லாம் பேசப்படும் அறையில் உட்காருங்கள். நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படப்போகும் சங்கதி அங்கே கிடைக்கும்.

புதிதாக நிறுத்தியவர்களும் நெடுங்காலமாகக் குடிக்காதவர்களும் கலந்து இருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லோரும் புதியவர்களாக இருந்தால் தடுமாறும்போது தாங்க ஆள் இருக்காது. எல்லோரும் பழையவர்களாக இருந்தால் உங்கள் இன்றைய நடுக்கம் அவர்களுக்குத் தூரத்து நினைவாகியிருக்கும்.

கூட்டம் முடிந்த பிறகு வாசலில் நடப்பதைக் கவனியுங்கள். அறைக்குள் கேட்டதைவிட எனக்கு இது முக்கியம். புதியவரைத் தனியே விட்டுவிட்டுப் பழையவர்கள் கூடிப் பேசுகிறார்களா? "நாளைக்குச் சாயங்காலம் ஒரு போன் போடுங்க" என்று நம்பரை எழுதிக் கொடுக்கிறார்களா? 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு அறுவை மருத்துவரும் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு பங்குச்சந்தைக்காரரும் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார்கள். ஏ.ஏ. தொடங்கியது அந்தப் பேச்சில்தான். இந்தியாவுக்கு 1957-ல் வந்தபோதும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்றே பரவியது. நம்மைப் போலவே தவித்த ஒருவர் நம்மிடம் பேசுவதுதான் இதில் மருந்து. அது நடக்காத கூட்டத்தில் எவ்வளவு அழகாகப் புத்தகம் படித்தாலும் பயன் குறைவு.

ஊர்ப்பக்கத்துக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். "எந்த ஊருங்க, யாரு பையன், குலதெய்வம் எது" என்று நம்மவர்கள் விசாரிப்பது எங்கே போய் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல குழுவில் இந்த விசாரிப்பு இருக்காது. மில் முதலாளியும் அவரிடம் வேலை பார்த்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாராவது உங்கள் சாதியை நோண்டினால் அன்றைக்குத் தலைமை ஏற்றவரிடம் சொல்லுங்கள். அவரும் மழுப்பினால் வேறு குழுவுக்குப் போங்கள். அதில் எந்த நன்றிகெட்டத்தனமும் இல்லை.

வேறு சிலவற்றைக் கண்டால் யோசிக்காமல் விலகுங்கள். கடன் கேட்பது, சீட்டுப் பிடிக்கச் சொல்வது, பாலிசி விற்பது. ஓட்டுக் கேட்பது. அறையில் நீங்கள் சொன்னது வெளியே யாரிடமோ போய்ச் சேர்வது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது. இந்தக் கடைசி விஷயத்தில் ஏ.ஏ.வின் துண்டுப் பிரசுரமே தெளிவாகச் சொல்கிறது, எந்த உறுப்பினரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று. மன அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ சாப்பிடும் மாத்திரையும், குடி ஆசையைக் குறைக்கத் தரும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் உங்களுக்கும் டாக்டருக்கும் இடையிலான விஷயம்.

சாமி விஷயம்

சர்ச் ஹாலில் கூட்டம் என்றதும் மதம் மாற்றிவிடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அறை அங்கே கிடைக்கிறது, அவ்வளவே. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. திருநீறு பூசியவர், தொழுகை முடித்து வருகிறவர், ஜெபமாலை வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே டீயைத்தான் குடிக்கிறோம். படிகளில் கடவுள் வருகிறார், "நாம் புரிந்துகொண்டபடி" என்ற அடைமொழியோடு. பெரியார் வழி வந்த நண்பர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு அவர்கள் குழுவையே வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் நெருடலாக இருந்தால், மதச்சார்பற்ற முறையில், மனதைப் பழக்கும் உத்திகளை வைத்து நடத்தும் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு 1994 முதல் இயங்குகிறது. இணையத்தில் ஆங்கிலக் கூட்டங்கள் நடத்துகிறார்கள். எந்த வழி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று படித்தவர்கள் கேட்பதுண்டு, கேட்க வேண்டியதும்தான். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வும், ஏ.ஏ.வுக்கு முறையாக வழிகாட்டி அனுப்பும் சிகிச்சையும், ஒரு வருடம் வரை தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் மற்ற பேச்சுமுறை சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன. மற்ற அளவுகோல்களில் பெரும்பாலும் சமமாக இருந்தன. டாக்டர் வேண்டாம் என்பதற்கு இது சாட்சி ஆகாது. இரண்டும் சேர்ந்தே போகலாம்.

பெண்களுக்கு

குடியை விட வழி கேட்டு அழைக்கும் பெண்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். ஆண்கள் மட்டுமே நிறைந்த அறைக்குள் ஒரு பெண்ணைத் தனியாக வரச்சொல்ல எனக்கு மனம் வராது. முதலில் ஒரு பெண் உறுப்பினரின் எண்ணை வாங்கிக் கொடுப்பேன்; நீங்களும் அதையே கேளுங்கள். பெருநகரங்களிலும் இணையத்திலும் பெண்களுக்கான தனிக் கூட்டங்கள் உண்டு. வழிகாட்டியாக இருப்பவரை நாங்கள் ஸ்பான்சர் என்போம். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதுதான் வழக்கம். உதவுகிற சாக்கில் எந்த ஆண் உறுப்பினராவது இரவில் செய்தி அனுப்பினாலோ தனியாகச் சந்திக்கச் சொன்னாலோ, குழுவில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதை மறைத்துக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை. பெயர் சொல்லாமை என்ற மரபு இந்த மாதிரி ஆட்களுக்குப் போர்வை ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"அவரை எப்படிங்ணா கூட்டிட்டு வர்றது?" என்று கேட்கும் தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன். இழுத்துக்கொண்டு வர முடியாது. போதை தெளிந்த காலை நேரத்தில் ஒரு முறை சொல்லுங்கள், நம்பரைக் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள். பிறகு உங்களுக்கான கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று ஒரு தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். கடன்காரருக்குப் பதில் சொல்வது, கம்பெனிக்குப் பொய்க் காரணம் சொல்லி லீவு கேட்பது, இதையெல்லாம் எங்கே நிறுத்துவது என்று அங்கே இருக்கும் பெண்கள் அனுபவத்திலிருந்து சொல்வார்கள்.

சோற்றிலோ டீயிலோ தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தில் முடியலாம். டாக்டர் சொல்லி, சாப்பிடுகிறவர் அறிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது.

கூட்டமே இல்லாத ஊரில்

2020 ஊரடங்கின்போது ஜூம் வழியாக ஆரம்பித்த கூட்டங்கள் பல இன்னும் நடக்கின்றன, தமிழிலும் உண்டு. வளைகுடாவில் வேலை செய்யும் தம்பிகள் தங்கள் ரூமிலிருந்து நம் ஊர்க் கூட்டத்தில் சேர்கிறார்கள். கேமராவை அணைத்து வைக்கலாம், திரையில் முழுப் பெயர் வராமல் முதலில் மாற்றிவிடுங்கள், காதில் ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டு கேட்காதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். மாதம் ஒரு முறையாவது பஸ் ஏறி நேரில் ஒரு கூட்டத்துக்கு வந்துவிடுங்கள். வாசலில் நடக்கும் அந்தப் பேச்சு திரையில் நடப்பதில்லை.

பிடித்த பிறகு

ஒரு குழு மனதுக்குப் பட்டால் அதை உங்கள் ஹோம் குரூப், அதாவது தவறாமல் போகும் சொந்தக் குழு, ஆக்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதங்களில் முடிந்தவரை தினமும் ஏதாவது ஒரு கூட்டம். 90 நாளில் 90 கூட்டம் என்று பழையவர்கள் சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது எப்போதும் கைகூடாது. கூட்டம் இல்லாத நாளில் ஒரு உறுப்பினருக்கு ஒரு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னால் போய் நாற்காலி எடுத்துப் போடுங்கள், டீக் கிளாஸ் கழுவுங்கள். கையில் ஒரு வேலை இருப்பவருக்கு வராமல் இருக்க மனம் வராது. ஸ்பான்சரை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். யாருடைய வாழ்க்கை உங்களுக்கு வேண்டும் என்று தோன்றுகிறதோ அவரிடம் போய்க் கேளுங்கள்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தினமும் நிறையக் குடிக்கத் தொடங்கிவிட்டிருந்தால் மறுபடி முதலில் டாக்டர், பிறகு கூட்டம். நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை என்றால் போன் மட்டும் போடுங்கள்: "அண்ணா, நேத்து குடிச்சுட்டேன்" என்று சொன்னால் போதும். எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, சாயங்காலம் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், இந்த மூன்றைத்தான் எடுக்கிறவர் கேட்பார்.